கண் காட்டிய கழுத்து நோய்

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண் நோக்கியை உலகுக்கு அறிவித்தபின், உடலைக் கீறாமலே உள்ளிருக்கும் ரத்தக் குழாய்களை நேரில் காணும் இடமாக விழித்திரை ஆனது. கழுத்துத் தமனிச் சிகிச்சையின் வரலாற்றை மூளையின் கதையாகவே எழுதுகிறார்கள். கண்ணுக்கு உரிய பங்கைத் தருவதில்லை. பக்கவாதத்துக்கு முன் சிலருக்கு ஒரு கண் மட்டும் சில நிமிடம் இருண்டு தெளிவதைக் கழுத்துத் தமனி அடைப்போடு 1950களின் தொடக்கத்தில் இணைத்துக் காட்டியவர் மில்லர் ஃபிஷர். 1954இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஈஸ்ட்காட் குழுவினர் தமனியின் குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, முனைகளை இணைத்து ரத்த ஓட்டத்தை மீட்டார்கள்.

ஆனால் கண் இருண்டதற்கு ஓட்டக் குறைவு மட்டும்தான் காரணமா? பார்வை போயிருந்த வேளையிலேயே ஒருவரின் விழித்திரையை ஃபிஷர் பார்த்தார். வெண்ணிறத் துணுக்குகள் குழாய்களுக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. 1959இல் அதை வெளியிட்டார். 1961இல் ஹாலன்ஹார்ஸ்ட், குழாய்கள் கிளைபிரியும் இடத்தில் சிக்கி மின்னும் கொலஸ்டிரால் துகள்களை விவரித்தார். தமனிச் சுவரிலிருந்து உதிர்வதே குற்றவாளி என்றால் ஓட்டக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அடைப்பு முற்றியவர்களிடம் விடை இருக்கிறது: கண் தமனியில் ஓட்டம் திசைமாறி, முகத்துக் கிளைகளின் ரத்தம் மூளைப் பக்கம் பின்னோக்கிப் பாய்கிறது. சிகிச்சைக்குப் பின் பலருக்கு அது மறுபடி முன்னோக்கித் திரும்புவதை டாப்ளர் ஒலிச் சோதனை காட்டுகிறது. செத்த விழித்திரை மட்டும் மீளாது. கருவிழிப் படலத்தில் (ஐரிஸ்) புதுக்குழாய் முளைத்து, கண்ணின் உள்நீர் வெளியேறும் வடிகால் அடைபட்ட கண்ணில், ரத்த ஓட்டம் பெருகியதும் கண்ணழுத்தம் ஏறவும் கூடும்.