குளிர் குறையாது நின்ற வானம்

மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பது மலையேறிய எவரும் அறிந்த செய்தி. கிலோமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். வளிமண்டலத்தின் உச்சிவரை இவ்வாறே குறைந்துகொண்டு போகும் என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் எண்ணியிருந்தனர்.

நேரிற் சென்று பார்க்க முயன்றோரும் உளர். 1862ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள், ஆங்கிலேயரான ஜேம்ஸ் கிளேஷர், கொக்ஸ்வெல் என்னும் துணைவருடன் பலூனில் ஏறினார். ஏறத்தாழ 8,800 மீற்றர் உயரத்திற் கிளேஷர் மூர்ச்சையானார். கொக்ஸ்வெல்லின் கைகளோ குளிரால் விறைத்துப்போயின. வாயுவை வெளிவிடும் வால்வின் கயிற்றை அவர் பற்களாற் கவ்வி இழுத்திராவிடின் இருவரும் மீண்டிருக்கமாட்டார்கள். ஆள் செல்லத்தகாத இடத்துக்குக் கருவியைத்தான் அனுப்பவேண்டும்.

அப்பணியில் ஈடுபட்டவருள் ஒருவர் பிரான்சு நாட்டவரான லெயோன் தெசரங் த போர். பாரிசுக்கு அண்மையில் திராப் என்னும் ஊரில், 1896இல் தம் சொந்தச் செலவில் ஓர் ஆய்வுநிலையம் நிறுவினார். ஐதரசன் நிரப்பிய கடதாசிப் பலூன்களில், வெப்பநிலையைத் தாமே பதியும் கருவிகளைக் கட்டி மேலே விட்டார். எங்கோ ஒரு வயலில் விழும் கருவியைக் கண்டெடுத்தவர் திருப்பித் தந்தாலன்றி உழைப்பு வீணே!

மீண்டு வந்த கருவிகள் ஒரு விந்தையைச் சொல்லின. ஏறத்தாழ 11 கிலோமீற்றருக்கு மேல் வெப்பநிலை குறையவில்லை. சிலவேளை சற்றே கூடவுஞ் செய்தது. வேறொருவராயின் உடனே பறைசாற்றியிருப்பார். த போரோ தம் கருவியையே ஐயுற்றார். வெயில் பட்டு வெப்பமானி சூடேறியதோ? ஆகவே இரவிற் பலூன்களை விட்டுப் பார்த்தார். இரவிலும் அதே விடை கிடைத்தது. 236 பலூன்களின் பதிவுகளைத் திரட்டிய பின்னரே, 1902 ஏப்பிரல் 28இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்குத் தம் முடிபை அறிவித்தார். மூன்று நாள் கழித்து, ரிச்சாட் அஸ்மன் என்பாரும் இறப்பர்ப் பலூன்கள் கொண்டு கண்ட அதே முடிபைப் பேர்லினில் வெளியிட்டார்.

காற்று மேலுங்கீழுமாகப் புரளும் கீழ்ப்பகுதி மாறன்மண்டலம். புரளாது படையாகக் கிடக்கும் மேற்பகுதி படைமண்டலம். இரண்டிலும் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன், 21 பங்கு ஒட்சிசன், ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய ஆகன். கூறுகள் ஒன்றாயிருக்க, மேலே மட்டும் குளிர் மிகாதது எதனால்? அங்கே சிறிதளவே உள்ள ஓசோன், ஞாயிற்றின் புறஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடேறுகின்றது. இலங்கை போன்ற வெப்பவலய நாடுகளின் மேல் இவ்வெல்லை 16, 17 கிலோமீற்றர்வரை உயர்ந்துள்ளது. ஆதலால், பாரிசின் மேலுள்ளதைவிட நம் தலைக்கு மேலுள்ள எல்லையே குளிர் மிக்கது!

ஓசோனின் அளவைப் பாப்ரி, புயிசொன் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் ஒளிக்கதிர்கொண்டு அளந்து வெளியிட்டது 1913இல். அவ்வாண்டின் சனவரித் தொடக்கத்திலேயே த போர் காலமாகிவிட்டார்.