மரக்காணத்து நண்பருக்கு மாயக்கதைகள்

ஐப்பசி மழை பிடித்த அன்று மரக்காணத்திலிருந்து நண்பர் போன் செய்தார். திண்டிவனத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அவர் உப்பளத்தில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவர். மழை வந்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. வாரிய உப்பைக் குவித்து, கீற்றுப் போட்டு மூடிவிட்டு, தை பிறக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதுதான். ஓய்வுபெற்ற பிறகும் அந்த மாதங்களில்தான் அவருக்கு என் ஞாபகம் வரும்.

"ஏம்பா, பேத்தி அந்த ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் முடிச்சிட்டா. 'தாத்தா, தமிழ்ல இந்த மாதிரி மாயக்கதை இல்லையா'ன்னு கேட்டா. 'நமக்கு ஏதும்மா அதெல்லாம், நம்மகிட்ட இருக்கறது ராஜா ராணி கதையும் அழுகாச்சிக் கதையும்தான்'னு சொல்லிட்டேன். சரிதானே?"

சரியில்லை என்று அப்போதே சொன்னேன். "அப்ப நாலு பேரு சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார். நாலு பேரை போனில் சொல்லிவிடலாம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தாத்தா ஒருமுறை 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அது பிறகு தேடாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதிய நத்தத்தனார், இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் மரக்காணத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். கிடங்கில் என்பது நாங்கள் படித்த திண்டிவனத்தின் கிடங்கல். பள்ளிக்கூட நாட்களில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆற்றுப்படை என்பதே ஒரு சிபாரிசுதான். பரிசு வாங்கி வரும் பாணன், எதிரே பட்டினியாக வரும் பாணனிடம் "நான் இன்னாரிடம் போனேன், வயிறு நிறைந்தது, இந்த வழியாக நீயும் போ" என்று சொல்வது. நத்தத்தனார் நேர்மையான சிபாரிசுக்காரர். வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றையும் சொல்லி, நல்லியக்கோடன் கொடைக்கு முன்னால் அவையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டுத்தான் அவனிடம் அனுப்புகிறார். நானும் அப்படிச் சிலவற்றை ஒதுக்கப்போகிறேன், நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் பாட்டில் வேலூர் என்று ஓர் ஊர் வருகிறது. திண்டிவனம் பக்கத்து உப்புவேலூர்தான் அது என்பார்கள். அந்த இடத்தில் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். பகைவர் கூட்டம் பெருகியதைக் கண்டு நல்லியக்கோடன் பயந்துபோய் முருகனை வழிபடுகிறான். முருகன் கனவில் வந்து, இந்தக் கேணியில் இருக்கும் பூவைப் பறித்துப் பகைவர் மேல் எறி என்கிறான். அந்தப் பூ வேலாகிவிடுகிறது. கேணிப் பூ ஆயுதமாகும் கதை, உப்பளத்திலிருந்து பஸ் போகும் தூரத்தில்! நச்சினார்க்கினியர் 14-ஆம் நூற்றாண்டுக்காரர், கற்றவர்களுக்காக உரை எழுதியவர். குழந்தைகளுக்குக் கதை சொல்வது அவர் வேலையல்ல. ஆனாலும் கூச்சப்படாமல் எழுதி வைத்திருக்கிறார். உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை அந்த உரையோடு அச்சிட்டதால் நமக்கு அது கிடைத்தது.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. மாயக்கதை சின்னப் பிள்ளைகளுக்கு என்ற எண்ணம் நம்மிடம் பழசு அல்ல. அது நேற்று வந்தது.

பேத்திக்கு நான் முதலில் சொல்லும் கதை மணிமேகலை. நண்பர் சிரிப்பார். அவருக்கு அது மனப்பாடப் பகுதி, பத்து மார்க். அந்த நினைப்பை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டுக் கதையை மட்டும் பாருங்கள். ஒரு பெண்ணை அவள் தூக்கத்திலேயே ஒரு கடல் தெய்வம் தூக்கிக்கொண்டு போய்த் தீவில் விடுகிறது. அங்கே ஒரு பீடத்தைப் பார்த்ததும் அவளுக்குப் போன பிறவி தெரிகிறது. தெய்வம் மூன்று மந்திரம் கொடுக்கிறது: வேறு உருவம் எடுக்க, வானத்தில் போக, பசிக்காமல் இருக்க. பொய்கையிலிருந்து, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவள் கையில் வந்து சேருகிறது. ஊரில் காயசண்டிகை என்றொருத்தி, முனிவர் ஒருவர் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உண்ணும் நாவல் பழத்தைக் காலால் சிதைத்துவிட்டு, அடங்காத பசிக்குச் சாபம் வாங்கியவள். மணிமேகலை அவள் பசியைத் தீர்க்கிறாள். தன்னைத் துரத்தும் இளவரசனிடமிருந்து தப்பிக்க அவள் உருவத்தையே எடுத்துக்கொள்கிறாள். அந்த வேஷத்தால் ஒரு கொலை நடக்கிறது. யார் யாரைக் கொல்கிறார்கள் என்பதைப் பேத்தியே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். கடைசியில் புகார் நகரத்தைக் கடல் கொண்டுபோகிறது. 2004 டிசம்பருக்குப் பிறகு அந்தக் கடற்கரையில் வளரும் பெண்ணுக்கு அந்தப் பகுதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மாயத்தை எதற்குப் பயன்படுத்துகிறாள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. வானத்தில் பறக்கத் தெரிந்த பெண் போருக்குப் போகவில்லை, புதையல் எடுக்கவில்லை. சோறு போடுகிறாள். தன்னை அடைத்திருந்த சிறைக்கூடத்தையே ராஜாவிடம் கேட்டு வாங்கி அறச்சாலை ஆக்குகிறாள். எழுதிய சாத்தனார் மதுரையில் தானிய வியாபாரி, கூலவாணிகன். பசியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இருக்குமா?

ஒரு எச்சரிக்கை. முப்பது காதைகளில் 27-ஆவதும் 29-ஆவதும் சமய வாதமும் தர்க்கமும். முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம், பாவமில்லை. நல்ல உரைநடையில் படித்துவிட்டு மூலத்துக்கு வரட்டும்.

அடுத்து விக்கிரமாதித்தன் கதை. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை' என்று இரத்தின நாயகர் கடைக்காரர்கள் போட்ட புத்தகங்களை நண்பர் பார்த்திருப்பார். கொட்டை எழுத்து, மட்டக் காகிதம், நடுநடுவே படம். அந்த எழுத்தின் அளவுக்கு ஒரு காரணம் உண்டு. தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டுபவர் விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாத பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டவர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த ஆண்களும் பெண்களும். சிம்மாசனத்தில் ஏறப்போன போஜராஜனைப் படிக்குப் படி ஒரு பதுமை நிறுத்திக் கதை சொல்லும், மொத்தம் 32. அதற்குள்ளே வேதாளம் சொல்லும் கதைகள் வேறு. 'காடாறு மாதம் நாடாறு மாதம்' என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். பெண்களைப் பற்றி அதில் சில இடங்களில் மட்டமாக இருக்கும். தாத்தா முன்கூட்டியே படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. மதனகாமராஜன் கதைக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நடேச சாஸ்திரி அதை 1886-லேயே ஆங்கிலத்தில் கொண்டுபோய்விட்டார்.

இப்படி இருந்தது எப்போது மாறியது? 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்தது. 1893-இல் ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் தொடராக வரத் தொடங்கியது. நாவல் என்றால் நம் வீடு, நம் தெரு, நடக்கக்கூடிய விஷயம் என்று ஆனது. சமூகத்தைத் திருத்த வந்தவர்களுக்கு பூதமும் மந்திரமும் மூடநம்பிக்கையாகப் பட்டன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்துக்கு அது தேவைப்பட்டது. ஆனால் வேதாளத்துக்குப் பெரியவர்களின் புத்தக அலமாரியில் இடம் போய்விட்டது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் அம்புலிமாமாவைத் தொடங்கியபோது அது குழந்தைகள் பத்திரிகைக்குக் குடிபோனது. சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமன், எங்கள் தலைமுறைக்கு மறக்காது. திண்டிவனத்தில் முடிவெட்டும் கடை பெஞ்சில் நண்பரும் நானும் ஒரே இதழை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறோம். மீசை முளைத்ததும் விட்டுவிட்டோம். ஏன் விட்டோம் என்று கேட்டால் இருவருக்கும் பதில் இல்லை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். டோல்கீன் 1939-இல் ஸ்காட்லாந்தில் பேசிய ஒரு சொற்பொழிவில், வீட்டில் பழசாகிப்போன மேசை நாற்காலிகளைக் குழந்தைகள் அறைக்குத் தள்ளுவது போலத்தான் மாயக்கதைகளையும் தள்ளிவிட்டார்கள் என்றார். குழந்தைகள் கேட்டு வாங்கியதல்ல, பெரியவர்களுக்கு வேண்டாமல் போனது, அவ்வளவுதான். அவர் பெரியவர்களுக்காக எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 55-இல் வந்தது. நண்பர் சி.எஸ். லூயிஸ் அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்டு, எழுது எழுது என்று நச்சரிக்காவிட்டால் முடித்திருக்க மாட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நம் பக்கத்தில் புதுமைப்பித்தன் மட்டும் வேதாளத்தை விடவில்லை. நண்பர் அவரை வறுமைக் கதைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கபாடபுரம், பிரம்மராக்ஷஸ் இரண்டையும் படிக்கச் சொல்கிறேன். இவை பேத்திக்கு அல்ல, அவருக்கு. ராத்திரி தனியாக இருக்கும்போது வேண்டாம்.

பொன்னியின் செல்வன் பட்டியலில் இல்லையா என்று கேட்பார். இல்லை. எனக்கும் உயிர்தான், ஆனால் அது சரித்திரக் கதை, வேறு வரிசை.

பெரியவர்களுக்கான மாயம் நாவலில் முழு உருவத்தோடு திரும்பி வந்தது ஜெயமோகனின் விஷ்ணுபுரத்தில், 1997-இல். சோனா நதிக்கரையில் இல்லாத ஒரு நகரம், அதில் நினைத்துப் பார்க்க முடியாத அளவில் ஒரு கோயில், படுத்திருக்கும் பெருமாள். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதி. நடுப்பகுதி காலத்தால் முந்தியது, அதனால் முதல் இருநூறு பக்கம் யார் எவர் என்றே பிடிபடாது. நான் இரண்டு தடவை பாதியில் வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை ஒரு மழைக்காலத்தில் முடித்தேன். முடிவில் அங்கேயும் பெருவெள்ளம்தான். அதைப் படிக்கும்போது சாத்தனாரின் புகார் நினைவுக்கு வந்தது. பேத்திக்கு அவருடைய பனிமனிதன் போதும், சிறுவர்களுக்காகவே எழுதியது.

ஆக, நண்பரே, மணிமேகலை உரைநடை ஒன்றும் பனிமனிதனும் திண்டிவனம் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். விக்கிரமாதித்தன் என்னிடம் இருக்கும் பழைய பிரதி, அட்டை கிழிந்திருக்கும், மழையில் நனையவிடாதீர். விஷ்ணுபுரத்தை நீர்தான் வாங்க வேண்டும், என் பிரதியைத் தரமாட்டேன். புத்தகம் வந்து சேருவதற்கு முன்னால் பேத்தியைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு, கேணிப் பூ வேலான கதையைச் சொல்லும். உப்புவேலூர் எங்கே என்று கேட்டால், மழை விட்டதும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போம்.