விற்றுத் தீர்ந்த வீடு

கண்ணீர் அஞ்சலித் தட்டி என்றால் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட்டாக வேண்டும். நகராட்சியே கட்டி வாடகைக்கு விடும் பிரிட்டனின் கவுன்சில் வீட்டுக்குத் தட்டி எழுத உட்கார்ந்தால் இரண்டிலுமே தகராறு. 1869இல் லிவர்பூல் நகராட்சி கட்டிய குடியிருப்புதான் முதல் பிள்ளை என்பவர்கள் உண்டு. கிழக்கு லண்டனில் ஓல்ட் நிக்கல் என்ற நெரிசல் பேட்டையை இடித்துவிட்டு 1900இல் திறந்த பவுண்டரி எஸ்டேட் என்பவர்களும் உண்டு. நான் 1919 என்று எழுதுவேன். மறைவு, 1980 அக்டோபர்.

உடலைக் காட்டு என்று கேட்டால் மட்டும் கஷ்டம். வீடுகள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. புதுக் கதவு, புது ஜன்னல் போட்டுக்கொண்டு சில முன்னைவிடப் பளிச்சென்றும் இருக்கின்றன. இங்கிலாந்து நகராட்சிகளின் கையில் இன்றும் ஏறத்தாழ 16 லட்சம் வீடுகள் மிச்சம். ஆனால் 1980இல் அது 50 லட்சத்துக்கு மேல். பிரிட்டன் முழுவதும் பார்த்தால் அன்றைக்கு மூன்றில் ஒரு குடும்பம் நகராட்சியின் வாடகைக் குடித்தனம். பஸ் ஓட்டுநர், செவிலியர், பள்ளி ஆசிரியர், தபால்காரர் எல்லாரும் நகராட்சியிடம் வீடு கேட்டு, வாங்கி, அதிலேயே பிள்ளைகளை வளர்த்து முதுமையடைந்தார்கள். யாரும் அவர்களைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. இன்று அதே வீடு கிடைக்க வேண்டுமென்றால் நம் கஷ்டத்தை அதிகாரியிடம் நிரூபித்துக் காட்ட வேண்டும். அந்தப் பழைய சகஜத்துக்குத்தான் இந்த இரங்கல்.

பிரசவம் பார்த்தது கிளாஸ்கோப் பெண்கள். முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனையில் இருக்க, ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த கூட்டத்தால் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். 1915இல் கவன் பகுதியில் மேரி பார்பர் தலைமையில் பெண்கள் வாடகை தரமாட்டோம் என்று நின்றார்கள். காலி செய்ய வைக்கும் அமீனா தெருவுக்குள் நுழைந்தால் மணி அடிக்கும். அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவருவார்கள். வந்தவர் மேல் மாவை வீசி அடிப்பார்கள். நவம்பரில் நீதிமன்றத்தை ஆயிரக்கணக்கானோர் முற்றுகையிட, அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையை உறையவைக்கும் சட்டம் வந்தது. வாடகைக்கு உச்சவரம்பு வந்த பிறகு தனியார் யாரும் ஏழைகளுக்கு வீடு கட்ட முன்வரவில்லை. இனி அரசுதான் கட்டியாக வேண்டும் என்ற நிலை அப்படித்தான் உண்டானது.

போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குத் தகுந்த வீடு தருவதாகப் பிரதமர் லாயிட் ஜார்ஜ் சொன்னார். ரஷ்யாவில் நடந்த புரட்சி லண்டனிலும் நடந்துவிடுமோ என்ற பயமும் அந்த வாக்குறுதிக்குள் இருந்தது. 1919இல் அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் கொண்டுவந்த சட்டம், வீடு கட்டுவதை நகராட்சியின் கடமை ஆக்கியது. நட்டத்தின் பெரும்பகுதியை மத்திய அரசு ஏற்றது. மூன்று ஆண்டில் 5 லட்சம் வீடு என்பது இலக்கு. கட்டி முடிந்தது 2 லட்சத்துச் சொச்சம். அதற்குள் சிக்கனம், சிக்கனம் என்று கூச்சல் கிளம்பி, கெடஸ் கோடரி என்று பெயர் பெற்ற செலவுக் குறைப்பு வந்து இறங்கியது. பிள்ளைக்கு மூன்று வயது ஆவதற்குள் முதல் கொலை முயற்சி. பிரிட்டிஷ் இடதுசாரிகளின் நூறாண்டுச் சலிப்பு இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. கஜானா காலி என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது செங்கல்தான்.

1924இல் ஓராண்டுகூட நீடிக்காத முதல் லேபர் அரசில் கிளாஸ்கோக்காரர் ஜான் வீட்லி பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார். அவருடைய சட்டத்தின்கீழ் அடுத்த பத்தாண்டில் 5 லட்சம் அளவுக்கு வீடுகள் எழுந்தன. லண்டனுக்குக் கிழக்கே, அடிசன் காலத்திலேயே தொடங்கிய பெக்கன்ட்ரீ என்ற ஒரே எஸ்டேட் மட்டும் 25,000 வீடுகளைத் தாண்டி வளர்ந்தது.

அனியூரின் பெவானை நாம் தேசிய மருத்துவச் சேவையின் தந்தையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். 1945 முதல் 1951 வரை லேபர் அரசில் வீட்டு வசதியும் அவர் கையில்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் நகரங்கள் நொறுங்கிக் கிடந்தன. மரம் இல்லை, ஆள் இல்லை, டாலர் இல்லை. எப்படியாவது எண்ணிக்கையைக் காட்டு என்று எல்லாரும் நெருக்கினார்கள். அவர் அசையவில்லை. மூன்று படுக்கையறை வீட்டுக்கு 900 சதுர அடியாவது வேண்டும், மாடியில் ஒன்று கீழே ஒன்று என்று கழிப்பறை இரண்டு வேண்டும் என்றார். ஓரிரு ஆண்டுகள் நம்மை எண்ணிக்கையை வைத்து எடை போடுவார்கள், பத்தாண்டு கழித்து வீட்டின் தரத்தை வைத்துத்தான் எடை போடுவார்கள் என்பது அவர் வாதம். மருத்துவரும் மளிகைக்காரரும் விவசாயக் கூலியும் ஒரே தெருவில் குடியிருக்க வேண்டும் என்று பேசியவர், 1949 சட்டத்தில் அதற்கு வழியும் செய்தார். அதுவரை தொழிலாளி வர்க்கத்துக்கு என்று சட்டத்தில் இருந்த வரம்பை எடுத்துவிட்டார். கவுன்சில் வீடு எல்லாருக்கும் ஆயிற்று. அதன் வாழ்நாளின் உச்சம் எனக்கு அந்தத் தருணம்தான்.

பின்னால் வந்த கன்சர்வேட்டிவ் கட்சி இதை வெறுத்தது என்று நினைத்தால் தப்பு. ஆண்டுக்கு 3 லட்சம் வீடு என்று சபதம் போட்டு 1953இல் வீட்டுவசதி அமைச்சர் ஹரால்ட் மேக்மில்லன் அதை எட்டினார். அதில் பெரும்பங்கு நகராட்சிகள் கட்டியது. வீட்டின் அளவைச் சுருக்கித்தான் எட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், இரண்டு கட்சிகளும் நாங்கள்தான் அதிகம் கட்டினோம் என்று மேடையில் மார்தட்டிய காலம் ஒன்று இருந்தது.

செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்ற மரபு இரங்கலுக்குப் பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. 1956க்குப் பிறகு மாடி ஏற ஏற மானியம் கூடும் என்று விதி வைத்தார்கள். நகராட்சிகள் வானத்தைப் பார்த்துக் கட்டின. 1968 மே 16 அதிகாலை, கிழக்கு லண்டனில் குடியேறி இரண்டு மாதமே ஆன 22 மாடி ரோனன் பாயிண்டில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கேஸ் கசிந்திருந்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது, நான்கு பேர் இறந்தார்கள். ஈரம் ஊறும் சுவர், பழுதான லிஃப்ட், மாதக்கணக்கில் வராத தச்சர் என்று சாதாரணக் குறைகள் வேறு. முன்கதவுக்கு என்ன நிறம் என்பதைக்கூட நகராட்சிதான் முடிவு செய்தது. இத்தனை ஆண்டு இங்கேயே குடியிருந்தவர்களுக்கே முன்னுரிமை என்ற விதியால் கரீபியனிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் வரிசையின் கடைசியில் கிடந்தார்கள். 1970களில் கிழக்கு லண்டனின் வங்காளிக் குடும்பங்கள் பூட்டிக் கிடந்த காலி வீடுகளுக்குள் கூட்டமாகப் புகுந்துதான் தங்கள் பங்கைக் கேட்க வேண்டியிருந்தது. இடதுசாரி நகராட்சிகளும் இதில் நல்ல வீட்டுக்காரராக நடந்துகொண்டதாகச் சொல்லிவிட முடியாது.

குடித்தனக்காரர்களின் இந்த எரிச்சலைக் கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சர் சரியாகப் படித்தார். 1980 வீட்டுச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு குடியிருந்தவர் தன் வீட்டைச் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியோடு வாங்கலாம். இருந்த ஆண்டுகள் கூடக் கூடத் தள்ளுபடி பாதிவரை ஏறும். கடனையும் நகராட்சியே தர வேண்டும். விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை நகராட்சிக்கு இல்லை. லண்டனின் கிழக்கு ஓரத்தில் ஹரோல்ட் ஹில்லில் ஒரு குடும்பத்திடம் அவரே போய்ப் பத்திரத்தைக் கொடுத்த புகைப்படம் நாடெங்கும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், கவுன்சில் குடித்தனக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பையும் சட்டமாக்கியது அதே 1980 சட்டம்தான். ஒரு கையால் வாடகைக்காரருக்குக் கவசம், மறு கையால் வீட்டுக்கே ஏலம்.

நார்விச் நகராட்சி கொஞ்சம் முரண்டு பிடித்தது. விற்பனையை ஆமை வேகத்தில் நடத்தியது. அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் விற்கும் அதிகாரத்தையே பிடுங்கிக்கொண்டார். நகராட்சி நீதிமன்றம் போய் 1982இல் தோற்றது.

இடதுசாரிகள் அப்போதும் இப்போதும் கோபப்பட்டது விற்றதற்காக. என்னைக் கேட்டால், விற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விற்ற பணத்தில் அடுத்த வீட்டைக் கட்டியிருந்தால் இருபது ஆண்டில் எல்லாம் ஈடாகியிருக்கும். அங்கேதான் கழுத்தை நெரித்தார்கள். கையில் வந்த பணத்தை நகராட்சி செலவழிக்க ஆண்டுக்கு ஆண்டு கட்டுப்பாடு இறுகியது. 1990 முதல் வீடு விற்ற தொகையில் முக்கால் பங்கு கடனை அடைக்கவே போக வேண்டும் என்றார்கள். வங்கியில் பணம் கிடக்க, வாசலில் வீடில்லாதவர் நிற்க, நகராட்சி கைகட்டி நின்றது. இதுவரை இங்கிலாந்தில் விற்றது ஏறத்தாழ 20 லட்சம் வீடு. தொலைபேசியும் கேஸும் ரயிலும் விற்ற கதையையே உலகம் பேசும். அவற்றையெல்லாம்விடப் பெரிய விற்பனை இதுதான் என்று கணக்கிடுபவர்கள் பலர்.

மத்திய லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சியில் நடந்தது அப்பட்டம். 1986 தேர்தலில் நூலிழையில் தப்பிய கன்சர்வேட்டிவ் நகராட்சி, ஷெர்லி போர்ட்டர் தலைமையில், இழுபறியான வார்டுகளில் காலியான வீடுகளை ஏழைகளுக்கு வாடகைக்கு விடாமல் தனக்கு ஓட்டுப் போடக்கூடியவர்களுக்கு விற்றது. தணிக்கையாளர் பிடித்தார், பிரபுக்கள் சபை 2001இல் சட்டவிரோதம் என்று உறுதி செய்தது, 2004இல் போர்ட்டர் 1.23 கோடி பவுண்டு கட்டினார்.

லேபர் கட்சி என்ன செய்தது? 1983 தேர்தல் அறிக்கையில் கட்டாய விற்பனையை நிறுத்துவோம் என்றது. படுதோல்வி. அடுத்த தேர்தலில் அந்தப் பேச்சையே விட்டது. 1997இல் பிரதமரான டோனி பிளேர் ஒரு மாதத்தில் தெற்கு லண்டனின் எய்ல்ஸ்பரி எஸ்டேட்டுக்குப் போய், இனி யாரும் மறக்கப்பட மாட்டார்கள் என்று பேசினார். அந்த ஆட்சியின் 13 ஆண்டில் இங்கிலாந்து நகராட்சிகள் கட்டிய வீடுகள் 8,000 அளவு. தாட்சர் ஆட்சியில் ஒரே ஆண்டில் இதைவிட அதிகம் கட்டினார்கள். பழைய வீடுகளுக்குச் சமையலறையும் குளியலறையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தது உண்மை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பழுதுபார்ப்புப் பணமும் பல ஊர்களில் வீடுகளை வீட்டுவசதிச் சங்கங்களிடம் ஒப்படைத்தால்தான் தாராளமாகக் கிடைத்தது. பெற்றவர்களே பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்ன கதை.

இந்த விற்பனைக்கு நாட்டின் கணக்குப் புத்தகத்தில் என்ன விலை என்று பாருங்கள். லண்டனில் விற்ற வீடுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இன்று தனியார் வாடகைச் சந்தையில் இருக்கிறது. நகராட்சி கட்டி, தள்ளுபடியில் விற்ற வீட்டை இன்னொருவர் வாங்கிச் சந்தை வாடகைக்கு விடுகிறார். அந்த வாடகையைக் கட்ட முடியாத குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை தருகிறது. வீடிழந்த குடும்பத்தைத் தற்காலிகமாகத் தங்க வைக்க, சில நகராட்சிகள் தாங்கள் விற்ற அதே ஃப்ளாட்டையே திரும்ப வாடகைக்கு எடுக்கின்றன. முன்பு வீடு கட்டப் போன வரிப்பணம் இப்போது வீட்டுக்காரர் கைக்குப் போகிறது. சோஷலிசம் செலவாளி என்று சொல்லி ஆரம்பித்த காரியம் இது. இங்கிலாந்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் தற்காலிக அறைகளில் இருக்கின்றன. காத்திருப்போர் பட்டியலில் 13 லட்சம்.

2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற கவுன்சில் அடுக்குமாடியில் பற்றிய தீயில் 72 பேர் செத்ததை இங்கே ஒரு வரியில் சொல்லிக் கடப்பது சரியல்ல. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஆபத்து இருக்கிறது என்று குடியிருந்தவர்கள் எழுதி எழுதிச் சொன்னார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். கவுன்சில் குடித்தனம் என்றால் யாருக்கும் காது கொடுக்கத் தேவையில்லாத கூட்டம் என்று ஆகியிருந்த நேரம் அது.

ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் கவுன்சில் வீடுகளின் கட்டாய விற்பனையை ஒழித்துவிட்டன. அதே 2019இல், பழைய முரட்டு நார்விச் நகராட்சி கோல்ட்ஸ்மித் தெருவில் கட்டிய சமூக வாடகை வீடுகளுக்கு நாட்டின் பெரிய கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது. இங்கிலாந்துச் சட்டப்படி அவையும் குடியிருப்பவர் கேட்டால் விற்றாக வேண்டியவைதான்.

பிறகு 2024இல் மீண்டும் லேபர். வீட்டு வசதிக்குப் பொறுப்பேற்ற ஆஞ்சலா ரேனர் ஸ்டாக்போர்ட்டின் கவுன்சில் எஸ்டேட்டில் வளர்ந்தவர். 2007இல் தன் கவுன்சில் வீட்டை இதே உரிமையில் தள்ளுபடியோடு வாங்கியவர். விற்பனையை அவர் ஒழிக்கவில்லை, தள்ளுபடியை வெட்டினார். தான் வாங்கிவிட்டு மற்றவரைத் தடுக்கிறார் என்று எதிர்த்தரப்பு ஏசியது. இடதுபுறமிருந்து, இவ்வளவுதானா என்றார்கள். இரண்டு பக்கமும் பேச மறந்தது வாங்குகிறவரை. நாற்பது ஆண்டுகளாக வாடகை கட்டியவர், தன் மகளுக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று நினைப்பவர், தன் கதவுக்குத் தானே நிறம் அடிக்க ஆசைப்படுபவர். இந்தச் சாவுக்கு அவர் கையெழுத்தும் தேவைப்பட்டது. அவர்மேல் எந்த இடதுசாரியாலும் மனதாரக் கோபப்பட முடியாது. தாட்சரின் சாமர்த்தியம் அங்கேதான் இருந்தது, லேபரின் வாயடைத்ததும் அங்கேதான்.

தள்ளுபடி குறையும் தேதியாக 2024 நவம்பர் 21 அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வாரங்களில் நகராட்சி அலுவலகங்களில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அந்த வாடகைச் சீட்டு என் பெயரில் இருந்திருந்தால் நானும் ஒன்று போட்டிருப்பேன்.