மலையோர உலா (கன்னியாகுமரி மாவட்டம்)

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிச் சரிவுகளில் மேற்கொள்ளப்படும் மலையேற்றம், அருவிக் குளியல், காட்டுநடை, கோயில் ஓட்டம் ஆகியவை கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோர உலாவில் அடங்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை நகரம் இம்மாவட்டத்தில் இல்லை. நாகர்கோவில், குலசேகரம் முதலிய ஊர்களில் தங்கி, காலையில் மலையேறி மாலையில் இறங்குவதே வழக்கம்.

பருவ அமைப்பு

தென்மேற்குப் பருவமழையும் (ஜூன்–செப்டம்பர்) வடகிழக்குப் பருவமழையும் (அக்டோபர்–டிசம்பர்) இம்மாவட்டத்துக்கு நீர் தருகின்றன. தென்மேற்குப் பருவமழை மேற்கிலுள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மிகுதி. கிழக்கிலுள்ள தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளில் குறைவு. எனவே போகும் மாதத்தோடு போகும் திசையையும் பார்த்தே உலா திட்டமிடப்படுகிறது.

சாரல் காலம்

ஜூன் முதல் மேற்குப் பகுதியில் அருவிகள் பெருகும். கோதையாற்றில் அமைந்த திற்பரப்பு அருவி இவற்றுள் பெயர்பெற்றது. அருவிக்கு மேலே, அதே ஆற்றில், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை உள்ளது. அணையின் உபரிநீர் திறக்கப்பட்டால் திற்பரப்பில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கப்படும். பரளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் பாசன நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம் (1966) நடந்தே கடக்கத்தக்கது. அதே மாதங்களில் கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பலத்த காற்று வீசும். முப்பந்தல் காற்றாலைகள் இக்காற்றை நம்பி அமைந்தவை.

ஐப்பசி முதல் தை வரை

கார்த்திகையில் பொற்றையடி அருகேயுள்ள மருத்துவாமலையில் தீபம் ஏற்றப்படுகிறது. அனுமன் கொண்டுவந்த சஞ்சீவி மலையின் துண்டு விழுந்து உருவானது இம்மலை என்பது மக்கள் நம்பிக்கை. நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகை இங்குள்ளது. உச்சியிலிருந்து கடலும் வயலும் தென்னந்தோப்புகளும் ஒருசேரத் தெரியும். 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி பெற்ற சுசீந்திரம்–தேரூர் குளங்களில் இக்காலத்தில் வலசைப் பறவைகளைக் காணலாம். சிதறால் மலையின் சமணச் சிற்பங்களைக் காண ஏறுவோருக்கும் மழை ஓய்ந்த தை மாதம் ஏற்றது.

மாசியும் கோடையும்

மாசி மாத மகாசிவராத்திரியையொட்டி நடைபெறும் சிவாலய ஓட்டம் இம்மாவட்டத்துக்கே உரியது. பக்தர்கள் காவி உடுத்தி, கையில் விசிறியுடன், “கோவிந்தா, கோபாலா” என்று முழங்கியபடி முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவன் கோயில்களை ஓட்டமும் நடையுமாகத் தரிசிப்பர். மொத்தத் தொலைவு 100 கி.மீ.க்கு மேல். திற்பரப்பு, பொன்மனை ஆகிய மலையோர ஊர்களும் இவ்வழியில் உள்ளன.

பங்குனி, சித்திரையில் அருவிகள் மெலியும். காடு காய்ந்து தீ எளிதில் பரவும் என்பதால், காட்டுநடையை வனத்துறை நிறுத்திவைப்பது உண்டு. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் இறந்த பின்னர் இக்கட்டுப்பாடு இறுகியது.

அனுமதி

மாவட்டத்தின் காடுகளில் பெரும்பகுதி 2008இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்கு யானை, காட்டெருமை முதலியவை வாழ்கின்றன. காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உள்ளன. அரசு 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் காளிகேசம்–பாலமோர் வழித்தடம் இடம்பெற்றுள்ளது. முன்பதிவு செய்தவர்களே, வழிகாட்டியின் துணையுடன், இத்தடத்தில் செல்லலாம்.