நெரவி கொம்யூன் பிறந்த கதை

காரைக்கால் நகரத்திலிருந்து அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் நெரவி. வெளியூர்க்காரர்களுக்கு இது ஓஎன்ஜிசி வளாகம் இருக்கிற ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு இது ஒரு கொம்யூன். எல்லைக்கு அப்பால் இருக்கிற தமிழ்நாட்டு ஊர்களுக்கு ஊராட்சி ஒன்றியம் இருக்க, இந்த ஊருக்குக் கொம்யூன் பஞ்சாயத்து எப்படி வந்தது?

பாரீசில் போட்ட கையெழுத்தால் வந்தது. 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணை ஒன்று, காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாக, அதாவது உள்ளாட்சிப் பிரிவுகளாக, பிரித்தது. காரைக்காலுக்குக் கிடைத்தவை மூன்று. 1907-இல் பத்து பதினேழானது. காரைக்காலின் மூன்று ஆறானது. நெரவி தனிக் கொம்யூனானது அந்தப் பிரிவினையில்தான். ஊரார் யாரும் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை. பிரான்சின் கிராமத்துக்கு எந்தச் சட்டையோ அதையே காவிரிக் கடைமடைக்கும் போட்டுவிட்டார்கள். ஒரு மேர் (மேயர்), ஒரு மேரி (அவர் அலுவலகம்), தேர்ந்தெடுத்த மன்றம், பிறப்பு இறப்புத் திருமணப் பதிவேடு.

சென்னை மாகாணத்தில் சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலத்தில், இங்கே வயது வந்த ஆண்களுக்கெல்லாம் ஓட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல் வைத்து அவர்கள் கையைப் பெரிதாக்கியதும், ஓட்டுப் பெட்டியைப் பெரிய மனிதர்களின் தடியாட்கள் காவல் காத்ததும் அதே கதையின் மறுபக்கம். பிரெஞ்சிந்தியத் தேர்தல் என்றாலே கள்ள ஓட்டு என்று பெயர் கெட்டிருந்தது. ஆகவே கொம்யூனை ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தக் கோணல் அமைப்பின் கையில்தான் பின்னாளில் இந்தப் பகுதிகளின் தலைவிதி வந்து விழுந்தது.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. இந்தியாவோடு சேர்வதா, பிரெஞ்சு யூனியனுக்குள் நீடிப்பதா என்பதை மக்கள் வாக்கெடுப்பு தீர்மானிக்கும். அது எப்போது, எப்படி என்பதைக் கொம்யூன் மன்றங்கள் சொல்லும். பிரெஞ்சு நிர்வாகத்துக்கும் தில்லிக்கும் நடுவே திடீரென்று மேர்கள் முக்கியஸ்தர்களானார்கள். அந்த அக்டோபரில் நடந்த தேர்தலில் எதுவார் குபேரின் சோஷலிஸ்ட் கட்சி புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மேலோங்கியது. குபேர் அன்று பிரான்சின் பக்கம். யூனியனுக்குள்ளேயே சுயாட்சி போதும் என்கிற அணி.

இணைப்பு கேட்டவர்களுக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் வீடு 1950 ஜனவரியில் எரிக்கப்பட்டது. அவரும் மற்றவர்களும் எல்லை கடந்து இந்தியப் பகுதியிலிருந்து இயக்கம் நடத்தினார்கள். விசித்திரமான நாடுகடத்தல் இது. கப்பல் ஏற வேண்டியதில்லை. நெரவிக்காரர் திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி வாஞ்சூர் எல்லையைக் கடந்தால் நாகூர், வேறு நாடு. நாற்பது ஆண்டு முன்பு பாரதியும் அரவிந்தரும் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார்கள்; இப்போது புதுச்சேரிக்காரர்கள் எதிர்த்திசையில் கடலூர்ப் பக்கம் போனார்கள்.

வெளியே இருந்தவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. காங்கிரஸ்காரருக்கும் கம்யூனிஸ்டுக்கும் ஆகாது. வாக்கெடுப்பு வேண்டும் என்றால் பிரெஞ்சுப் போலீசின் நிழலில் அது நியாயமாக நடக்குமா என்ற கேள்வி. வேண்டாம் என்றால் மக்களைக் கேட்காமல் எப்படி என்ற கேள்வி. இதற்கிடையே 1949 ஏப்ரலில் இந்தியா சுங்க ஒன்றியத்தை முறித்துக்கொண்டது. எல்லையில் சாவடியும் அனுமதிச் சீட்டும் வந்தன. காரைக்கால் கடத்தலுக்குப் பேர்போன இடமானது. வயலுக்குப் போகிறவனுக்கும் வரப்பு எல்லையானது.

முடிச்சு அவிழ்ந்தது குபேர் அணி மாறியபோது. ஊழல் விசாரணை நெருங்கியதால் மாறினாரா, காற்று திரும்பியதைக் கண்டு மாறினாரா? இரண்டும்தான் என்பது என் கணிப்பு. 1954 மார்ச் 18-இல் புதுச்சேரிப் பகுதி மேர்கள், வாக்கெடுப்பு இல்லாமலே உடனே இணைய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். காரைக்கால் கொம்யூன்களும் அந்தப் பக்கமே சாய்ந்தன. மார்ச் கடைசியில் குபேர் நெட்டப்பாக்கத்துக்குப் போய் அங்கே தற்காலிக அரசு அமைத்தார். நெட்டப்பாக்கமும் ஒரு கொம்யூன், நாலாபக்கமும் இந்திய நிலம். பிரெஞ்சுப் படை அங்கே போக வேண்டுமானால் இந்திய மண்ணை மிதிக்க வேண்டும். இந்த எல்லையை வரைந்தவர்கள் இப்படி ஒரு வசதியைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். மே மாதம் பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ விழுந்தது. இந்தோசீனாவை இழந்துகொண்டிருந்த பிரான்சுக்கு இந்தத் துண்டு நிலங்களைப் பிடித்துவைக்கத் தெம்பில்லை. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் போயின.

1954 அக்டோபர் 18. புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் கூடியவர்கள் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும். வாக்களித்தவர் 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. நெரவி மன்றத்தாரும் அந்த வாக்காளர் பட்டியலில் அடக்கம். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மக்கள் வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியது கொம்யூன்தான்.

1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும், மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்றது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. 1979-இல் மொரார்ஜி தேசாய் அரசு புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாட்டோடு சேர்க்கப் பார்த்தபோது கலவரமே வெடித்தது, திட்டம் கைவிடப்பட்டது. தில்லிக்கு எதிராக அந்த வாக்குறுதியை நினைவூட்டத் தெரிந்த புதுச்சேரி, தன் கொம்யூன்களுக்கு எதையும் வாக்களித்ததாக நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 1973-இல் புதிய சட்டம் வந்து பிரெஞ்சு ஆணையின் இடத்தைப் பிடித்தது. மேர் மறைந்தார், கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயர் நிலைத்தது. அடுத்த தேர்தல் 2006-இல், 38 ஆண்டு கழித்து. வெள்ளைக்காரன் காலத்தில் கள்ள ஓட்டாவது இருந்தது என்று காரைக்காலில் ஒருவர் சிரித்தால் மறுக்க முடியாது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் இட ஒதுக்கீட்டு வழக்கில் சிக்கி நின்றது. நெரவி கொம்யூன் பஞ்சாயத்தை இன்று நடத்துகிறவர் ஆணையர், அரசு அனுப்பும் அதிகாரி. காரைக்காலைத் தனி ஒன்றியப் பகுதியாக்கு என்று அவ்வப்போது எழும் குரல், 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புதுச்சேரியைப் பார்த்துத்தான் எழுகிறது.