விருந்தினரா, பயணியா? இந்தியப் படகுச் சட்டங்களில் ஒரு வரையறையின் வரலாறு

ஒருவர் தம் படகில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருகிறார். இன்னொருவர் அதே அளவுள்ள படகில், அதே ஏரியில், தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுகிறார். நீரின் ஆழத்திற்கு இவ்விரு படகுகளுக்கிடையே வேறுபாடு தெரியாது, சட்டத்திற்குத் தெரியும். அந்த வேறுபாட்டை எந்தச் சொல்லின்மீது நிறுத்துவது என்பதில் இந்தியச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டாக ஒரே விடையில் நின்றதில்லை.

தொடக்கத்தில் அளவுகோல் கூலியாக இருந்தது. 1878ஆம் ஆண்டின் வட இந்திய ஓடத்துறைச் சட்டம் அரசு ஓடத்துறைகளின் சுங்கத்தைப் பொது ஏலத்தில் குத்தகைக்கு விட வழிசெய்தது. குத்தகைதாரரின் வருவாயைக் காக்கும் பொருட்டு, அரசுத் துறையிலிருந்து இரண்டு மைல் தொலைவுக்குள் மாவட்ட நடுவரின் ஒப்புதலின்றி வேறு ஓடம் விடக்கூடாது என்று அதன் 13ஆம் பிரிவு தடுத்தது. ஆனால் கூலிக்கு ஓடாத படகுகளுக்கு இத்தடை பொருந்தாது என்றும் அப்பிரிவே விலக்களித்தது. ஆட்களின் எண்ணிக்கை, சுமையின் அளவு ஆகியவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரமும் இச்சட்டத்தில் உண்டு. எனினும் 13ஆம் பிரிவு காக்க முனைந்தது உயிரையன்று, வருவாயை. உறவினரை அக்கரை சேர்ப்பவர் குத்தகைதாரரின் காசைப் பறிக்கவில்லை. ஆகவே அவரைத் தடுக்க வேண்டிய தேவை அப்பிரிவுக்கு எழவில்லை.

நீராவி எந்திரம் இந்தக் கணக்கை மாற்றியது. கொதிகலன் வெடித்தால் கூலி கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பார்க்காது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வந்த 1917ஆம் ஆண்டின் உள்நாட்டு நீராவிக் கலச் சட்டம், ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் கலம் எந்தப் பயணமும் செல்லக்கூடாது, எந்தப் பணிக்கும் பயன்படக்கூடாது என்றது. இங்கே கட்டணம் என்ற நிபந்தனை இல்லை. அதனினும் நுட்பமானது, 'பயணி' என்ற சொல்லுக்கு அச்சட்டம் தந்த வரையறை. கலத்தலைவர், பணியாளர், உரிமையாளர், அவருடைய குடும்பத்தார், ஏவலர் ஆகியோர் நீங்கலாகக் கலத்தில் ஏற்றிச் செல்லப்படும் எவரும் பயணியே. உரிமையாளரின் மனைவி பயணியல்லர். அவர் வீட்டுக்கு வந்த விருந்தினர் பயணி. குடும்பம் என்னும் எல்லைக்கு வெளியே நிற்பவரின் பாதுகாப்பில் அரசுக்கு அக்கறை உண்டு என்ற கருத்து இவ்வரையறையில் அடங்கியுள்ளது.

கடலுக்கு வகுத்த சட்டம் மூன்றாவது அளவுகோலைக் கொண்டுவந்தது. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் 12 பேருக்கு மேல் ஏற்றுவதைப் பயணிக் கப்பல் என்றது. பாய்மரக் கலத்தின் வரையறையிலிருந்து உல்லாசப் படகை அது விலக்கியும் வைத்தது. காசு, உறவு ஆகியவற்றோடு எண்ணிக்கையும் நோக்கமும் இவ்வாறு சட்டத்தின் அளவுகோல்களாயின. 1917ஆம் ஆண்டுச் சட்டம் 1977இல் திருத்தப்பட்டு, நீராவிக்கு அப்பால் எந்திரத்தால் இயங்கும் கலங்கள் அனைத்தையும் தழுவியது. 2021இல் புதிய உள்நாட்டுக் கலச் சட்டம் அதன் இடத்திற்கு வந்தது.

இந்த வரலாற்றின் கூர்மை சுற்றுலாவில்தான் வெளிப்படுகிறது. கேரளத்தில் நெல் சுமந்த கெட்டுவள்ளங்கள் 1990களில் தங்கும் படகுகளாயின. சரக்குக்கென்று கட்டிய கலம் மனிதரைச் சுமக்கத் தொடங்கியது. சுற்றுலாத் தொழிலின் மொழியில் காசு கொடுத்து ஏறுபவர் பயணியுமல்லர், வாடிக்கையாளருமல்லர், அவர் 'விருந்தினர்'. சட்டம் இரண்டாகப் பிரித்த சொற்களை வணிகம் ஒன்றாகக் கலந்துவிட்டது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்தின் தானூரில், மீன்பிடிப் படகாயிருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டதெனக் கூறப்பட்ட ஒன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். இரண்டுமே உல்லாசத்திற்காக மக்கள் ஏறிய படகுகள்.

கூலி பெறுபவர்மீது கூடுதல் கடமை சுமத்துவது நியாயமா என்ற வினாவுக்கும் இவ்வரலாற்றிலேயே விடை காணலாம். நண்பரின் படகில் ஏறுபவர் படகோட்டியின் திறனையும் பழக்கத்தையும் ஓரளவேனும் அறிந்தவர். வேண்டாமென்று மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. சீட்டு வாங்கி ஏறுபவருக்குத் தெரிவது சீட்டின் விலை மட்டுமே. படகு எதற்காகக் கட்டப்பட்டது, யார் அதைச் சோதித்தார், எத்தனை பேரைத் தாங்கும் என்பவற்றைக் கரையில் நின்றபடி அவரால் கேட்டறிய இயலாது. ஆய்வுச் சான்றிதழும் ஆள் வரம்பும் அவர் சார்பில் அரசு கேட்கும் கேள்விகள். 1878இல் கூலி என்ற சொல் குத்தகைதாரரைக் காத்தது. இன்று அதே சொல் காக்க வேண்டியவர் கூலி கொடுப்பவர். அந்தக் கேள்விகள் கரையிலேயே கேட்கப்படாவிட்டால், பின்னர் விசாரணை ஆணையத்தின் முன்தான் கேட்கப்படும்.