ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. கடுதாசி

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு சைக்கிளில் தபால் கொண்டுபோவேன். நாகர்கோவிலிலிருந்து வரும் கட்டைப் பிரிக்கும்போதே பட்டாளத்துக் கடுதாசி தெரிந்துவிடும். அனுப்பியவர் இடத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, கடைசியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண். காஷ்மீர்ப் பனியில் நின்றாலும் ராஜஸ்தான் மணலில் கிடந்தாலும் மேல்விலாசம் அவ்வளவுதான். 56 என்றால் டெல்லி வழி, 99 என்றால் கல்கத்தா வழி. அந்த எண்ணை வைத்தே பிள்ளை மேற்கிலா கிழக்கிலா என்று வீட்டில் கணித்துவிடுவார்கள்.

என் தகப்பனார் காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானம். சங்கு முத்திரையோடு சொந்தத் தபால் உண்டு. 'அஞ்சல்' என்று பெயர். அது திருவிதாங்கூர், கொச்சியைத் தாண்டாது. இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குப் போனவர்களின் கடிதம் பிரிட்டிஷ் இந்தியத் தபாலில், தணிக்கை முத்திரை குத்தி வந்தது. 1951 ஏப்ரல் 1-இல் அஞ்சல் இந்தியத் தபாலோடு இணைந்தது.

தணிக்கை போர்க்காலத்தில் எப்போதும் உண்டு. எங்கே இருக்கிறோம், எங்கே போகப்போகிறோம் என்று எழுதக்கூடாது. அதனால் நீல இன்லண்டில் சண்டையைப் பற்றி ஒரு வரி இருக்காது. பேச்சிப்பாறை அணைத் தண்ணி வருகிறதா, கும்பப்பூ நடவு முடிந்ததா, பசு கன்று போட்டதா, தங்கச்சிக்கு வரன் ஏதும் வந்ததா என்று நாலு பக்கமும் ஊர்க்காரியம்தான். 'நான் சுகம்' என்பது மட்டுமே எழுதியவனைப் பற்றிய சேதி.

எழுத்தறியாத தாய்மார்களுக்கு நான்தான் படித்துச் சொல்வேன். ஒரு அம்மா கடிதத்தைப் பிரிக்கும் முன்பே கேட்பாள்: "மக்கா, என்னைக்கு எழுதுனது?" தேதியைச் சொன்னதும் விரலை மடக்கி எண்ணுவாள். வந்துசேரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அத்தனை நாளைக்கு முன்பு பிள்ளை உயிரோடு இருந்தான் என்பதுதான் அவளுக்குக் கிடைத்த செய்தி. இதற்குப் பின்தான் மற்றதைப் படிக்கவிடுவாள்.

டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கிலும் சண்டை நின்றது. ரேடியோ கேட்டு ஊரே மகிழ்ந்தது. அந்த அம்மா மட்டும் திண்ணையை விட்டு எழவில்லை. அதற்குப் பிறகும் நான் கொண்டுபோன கடிதங்கள் 8-ஆம் தேதியும் 11-ஆம் தேதியும் எழுதியவை. அவளுக்கு வேண்டியது 17-க்குப் பிந்திய தேதி. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் நெருங்கும் சமயத்தில் அது வந்தது. 20-ஆம் தேதி என்று நான் சொன்னதும் தாளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அன்று கேட்கவே இல்லை. இன்னொரு தெருவில் கடிதத்துக்கு முன்னே தந்தி வந்தது. தந்திக்குப் பின் வந்த கடிதத்தையும் நான்தான் கொடுத்தேன். 'நான் சுகம்' என்றே அதிலும் எழுதியிருந்தான்.

நம் மாவட்டத்தில் பல வீடுகளின் பரணில் பட்டாளத்துத் தகரப்பெட்டி இன்னும் இருக்கிறது. அதிலுள்ள கடிதங்களைப் பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யார் எழுதியது, வீட்டில் யார் படித்துக் காட்டியது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து உள்ளே வையுங்கள். தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.